இடத்துக்கு எந்தக் கடன், மெஷினுக்கு எந்தக் கடன்? அரசு ஆதரவுத் திட்டங்கள் நேருக்கு நேர்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஃபைல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று என்னுடையது. கோவை கணபதியில் பதினோரு வருடமாக வாடகை ஷெட்டில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து கொடுப்பது) செய்கிறேன். ஷெட்டின் உரிமையாளர் இடத்தை விற்கப்போகிறார். 60 லட்சம் சொல்கிறார். 35 லட்சத்துக்கு ஒரு விஎம்சி மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின்) வாங்கும் திட்டமும் இரண்டு வருடமாகத் தள்ளிப்போகிறது. இன்னொரு ஃபைல் தம்பி மனைவியுடையது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஏழு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு சிஎன்சி டர்னிங் யூனிட் (கணினிக் கட்டுப்பாட்டு லேத் பட்டறை) தொடங்கப்போகிறார், கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் அவர் அப்பாவின் இடத்தில். ஷெட், மெஷின், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 40 லட்சம் திட்டம்.

தொழில் ஒன்றுதான், மாவட்டமும் ஒன்றுதான். ஆனால் அவருக்குத் திறக்கும் கதவுகள் பலவும் எனக்குத் திறக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாத அலைச்சல் வேறு யாருக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'அரசு லோன்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. மானியம் என்பது கடனில் ஒரு பகுதியை அரசே ஏற்பது. உத்தரவாதம் என்பது நீங்கள் கட்டாமல் போனால் வங்கியின் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டுவதாக அரசின் அறக்கட்டளை வங்கிக்குக் கொடுக்கும் உறுதி. மூன்றாவது, அரசு நிறுவனமே நேரடியாகக் கடன் கொடுப்பது. விண்ணப்பிக்கப் போகும்போது இதில் எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெரியாவிட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் தனக்குச் சுலபமானதைத்தான் நமக்குக் கொடுப்பார்.

தம்பி மனைவிக்கு முன்னால் இருந்தவை இரண்டு. மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்), தமிழ்நாடு அரசின் நீட்ஸ் (புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்).

பிஎம்இஜிபி 2008-ல் வந்த திட்டம். கதர் கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது; விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் போகும். 2025-26 வரையிலான திட்டக் காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15%, கிராமத்தில் 25% மானியம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35%. இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சிறப்புப் பிரிவு என்றதும் எஸ்சி, எஸ்டி மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெண்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோரோடு மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளவர்களும் அதில் அடக்கம். சாதிச் சான்றிதழை இணைக்காமல் குறைந்த மானியத்துக்கு விண்ணப்பித்த ஒருவரை எனக்கே தெரியும்.

கணக்குப் பார்ப்போம். 40 லட்சத்தில் அவர் போட வேண்டிய பங்கு 5%, அதாவது 2 லட்சம். வங்கி 38 லட்சம் கொடுக்கும். கிராமப்புற மானியம் 35%, அதாவது 14 லட்சம். இந்தப் பணம் கைக்கு வராது. வங்கியில் அவர் பெயரில் மூன்று வருட வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனிலும் அந்த 14 லட்சத்துக்கு வட்டி போடமாட்டார்கள். மூன்று வருடம் கழித்து யூனிட் உண்மையிலேயே ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கடனில் கழிப்பார்கள். ஆக, வட்டி ஓடுவது 24 லட்சத்துக்கு மட்டும்.

நீட்ஸ் 2012-13-ல் தொடங்கியது; முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டங்கள். மானியம் 25%, உச்சவரம்பு 75 லட்சம். இதோடு ஒழுங்காகத் தவணை கட்டுபவர்களுக்கு 3% வட்டி மானியம். கல்வித் தகுதியும் வயது வரம்பும் உண்டு. கடன் வங்கியிலும் வாங்கலாம், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் வாங்கலாம்.

அதே 40 லட்சத்துக்கு நீட்ஸில் மானியம் 10 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் பிஎம்இஜிபி 4 லட்சம் முன்னால் நிற்கிறது. ஆனால் மானியமும் அவர் பங்கு 2 லட்சமும் போக மீதி 28 லட்சத்துக்கு ஏழு வருடத்தில் 3% வட்டி மானியத்தைக் கூட்டிப் பாருங்கள், மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். வித்தியாசம் ஏறத்தாழக் கரைந்துவிடுகிறது. இதே யூனிட் நகராட்சி எல்லைக்குள் இருந்திருந்தால் பிஎம்இஜிபி மானியமும் 25%தான். அப்போது வட்டி மானியம் இருப்பதால் நீட்ஸ்தான் லாபம். பொதுப் பிரிவில் வரும் ஒருவர் நகரத்தில் தொடங்கினால் 15%-க்கும் 25%-க்கும் போட்டியே கிடையாது. 50 லட்சத்தைத் தாண்டும் திட்டத்துக்கும் நீட்ஸ்தான்.

நாங்கள் பிஎம்இஜிபி பக்கம் சாய்ந்தோம். காரணம் அந்த ஒரு லட்சம் மட்டும் இல்லை. அசலில் கழியும் மானியம் அதிகம் என்பதால், கட்ட வேண்டிய கடன் 28 லட்சத்துக்குப் பதில் 24 லட்சம்தான். புது யூனிட்டுக்குக் கடன் சுமை குறைவாக இருப்பது நல்லதுதானே.

பிஎம்இஜிபியில் ஒரு கட்டுப்பாடு மிக முக்கியம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கக்கூடாது. ஷெட் கட்டும் செலவைச் சேர்க்கலாம்; வாடகை என்றால் மூன்று வருடத்துக்கு மேல் சேர்க்க முடியாது. அப்பாவின் இடம் இருந்ததால் எங்களுக்கு இது தடையாக இல்லை. நிலமே இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் இந்தத் திட்டத்தில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

எஸ்சி, எஸ்டி பிரிவைச் சேர்ந்தவர்கள் மேலே சொன்ன இரண்டையும் தாண்டி முதலில் பார்க்க வேண்டியது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 2023-ல் வந்தது. 35% மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, அதோடு 6% வட்டி மானியம். புதிதாகத் தொடங்கவும் செல்லும், ஏற்கெனவே நடத்தும் தொழிலை விரிவாக்கவும் செல்லும். இந்த அளவுக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வரவில்லை. என் பக்கத்து ஷெட்காரர் ஒருவர் இது தெரியாமல் சாதாரண டெர்ம் லோனில் மெஷின் வாங்கியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 லட்சம் வரை, அதிலேயே தருண் என்ற பிரிவில் கடன் வாங்கி அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. ஒரு பழைய லேத், கம்ப்ரசர், வெல்டிங் செட் வாங்க நல்லது. அதற்கு மேல் எட்டாது.

சரி, என் ஃபைலுக்கு வருகிறேன். பிஎம்இஜிபியும் நீட்ஸும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என்பதால் எனக்கு இரண்டும் இல்லை. பிஎம்இஜிபியிலேயே விரிவாக்கத்துக்கு 1 கோடி வரை இரண்டாம் கடன் இருக்கிறது. ஆனால் முதல் கடனை பிஎம்இஜிபியிலோ முத்ராவிலோ வாங்கி அடைத்திருக்க வேண்டும். நான் வாங்கியது சாதாரண வங்கிக் கடன். அதில் ஒரு கதை இருக்கிறது.

2016-ல் என் முதல் சிஎன்சி மெஷினுக்கு 14 லட்சம் கடன் கேட்டுப் போனேன். வங்கி மேலாளர் மெஷினையும் அடமானமாக எழுதிக்கொண்டு, அம்மா பெயரில் இருந்த வீட்டின் மூலப்பத்திரத்தையும் கேட்டார். கொடுத்தோம். ஆறு வருடம் அந்தப் பத்திரம் வங்கியில் கிடந்தது. இடையில் 2020-ல் கொரோனா ஊரடங்கில் வேலை நின்று, வீட்டுச் செலவுக்கே கடன் வாங்க வேண்டி வந்தபோது, அந்த வீட்டை வைத்து ஒரு ரூபாய் திரட்ட முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பிணையமே இல்லாமல் அந்தக் கடனைக் கொடுப்பதற்கென்று ஒரு ஏற்பாடு 2000-லிருந்தே இருக்கிறது என்று.

அதுதான் சிஜிடிஎம்எஸ்இ. மத்திய அரசும் சிட்பியும் (இந்திய சிறு தொழில் வளர்ச்சி வங்கி) சேர்ந்து அமைத்த, குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளை. நான் கடன் வாங்கிய சமயத்தில் 1 கோடி வரை உத்தரவாதம் இருந்தது. 2023 ஏப்ரலில் அது 5 கோடியானது, 2025 ஏப்ரலில் 10 கோடி. 10 லட்சம் வரையிலான கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்களிடம் பிணையம் கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அதற்கு மேல் போகும் கடனுக்குத்தான் இந்த உத்தரவாதம் பெரிய உதவி. ஆண்டுக் கட்டணம் சிறிய கடன்களுக்கு 0.37%-ல் தொடங்கி, தொகை கூடக் கூட ஏறும். பெண்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு.

இதை மானியம் என்று எண்ணி ஏமாறக்கூடாது. உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு இல்லை. தவணை நின்றால் வங்கி அறக்கட்டளையிடம் பணம் வாங்கிக்கொள்ளும்; நம் கடன் அப்படியே நிற்கும், சிபில் ஸ்கோரும் போகும். ஆனாலும் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். 2020-ஐப் பார்த்த எனக்கு, அந்தக் கட்டணம் கட்டத் தகுந்த கட்டணம்தான். வங்கியில் 'பாதிக்கு உத்தரவாதம், பாதிக்குச் சொத்து' என்று சொன்னால் அதுவும் விதிப்படி சரியே, கலப்பு முறை இருக்கிறது. உத்தரவாதம் எடுத்த அதே தொகைக்கு வீட்டையும் கேட்டால்தான் தவறு. எந்தத் தொகைக்கு எது என்று சாங்ஷன் (கடன் ஒப்புதல்) கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது டிக். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தை நம் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். 1949-ல் தொடங்கியது. நிலம், கட்டடம், மெஷின் என்று நிலையான சொத்துகளுக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம். ஷெட்டையும் தொழிற்பேட்டை மனையையும் பார்த்ததும் புரிந்துகொள்ளும் அதிகாரிகள் அங்கே கிடைப்பார்கள். வங்கிக் கிளையில் அது மேலாளரின் அனுபவத்தைப் பொறுத்தது. ஆனால் சொத்துப் பிணையம் அங்கே வழக்கம். இன்னொரு சிக்கல், அன்றாட ஓட்டத்துக்கு ஓவர் டிராஃப்ட், கேஷ் கிரெடிட் போன்ற நடைமுறை மூலதனக் கடன் வேண்டுமென்றால் பெரும்பாலும் வேறு வங்கிக்குப் போக வேண்டும். அந்த வங்கி, 'உங்கள் இடம் டிக்கிடம் இருக்கிறதே, எங்களுக்கு என்ன பிணையம்?' என்று கேட்கும். என்னைப் போல மாசக் கடைசியில் மெட்டீரியலுக்குத் திணறுபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இப்போது இடமா, மெஷினா?

60 லட்சத்துக்கு இடம் வாங்கினால் முத்திரைத்தாள் 7%, பதிவுக்கட்டணம் 2%. இதுவே 5.4 லட்சம், கைக்காசு. 25% மார்ஜின், அதாவது நாம் போட வேண்டிய பங்கு, என்றால் இன்னொரு 15 லட்சம். மீதி 45 லட்சத்துக்கு 10% வட்டியில் 12 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 53,800. நான் இப்போது கட்டும் வாடகை 28,000. பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்று புரோக்கர் சொல்வார். வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். குறைத்தால் மிச்சத்தை ரொக்கமாக நாம்தான் புரட்ட வேண்டும். கட்டட அனுமதியும் நிலப் பயன்பாட்டு வகையும் தொழிலுக்கு ஏற்றதா என்று பார்ப்பதற்குள் வக்கீல் ஃபீஸ் வேறு.

35 லட்சம் மெஷினுக்கு 25% மார்ஜின் போக 26.25 லட்சம். 10.5% வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதம் சுமார் 44,300. ஜிஎஸ்டி 18% தனியாகக் கட்ட வேண்டும், ஆனால் உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும். தகுதியுள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு மெஷின் மதிப்பில் 25% மூலதன மானியத்தை மாநில அரசு கொடுக்கிறது. கிடைத்தால் 8.75 லட்சம். ஆனால் அது உற்பத்தி தொடங்கிய பிறகு, விண்ணப்பித்து, வரிசையில் காத்திருந்து வருவது. தவணைக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

இரண்டையும் ஒன்றாக எடுத்தால் மாதம் 98,000. என் ஷெட்டில் அது நடக்காது. மெஷின் மூன்றாவது மாதத்திலிருந்து பில் போடும். இடம் வாடகையை மட்டும்தான் மிச்சப்படுத்தும். எனவே மெஷினை உத்தரவாதத் திட்டத்தில் எடுத்து, வீட்டுப் பத்திரத்தைத் தொடாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். இடம் வாங்கும் நாளில் அந்த இடமே அதன் கடனுக்குப் பிணையமாக நிற்கும். அதற்கு உத்தரவாதக் கட்டணம் கட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. உரிமையாளரிடம் பேசி மூன்று வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடப் பார்க்கிறேன். அவர் வேறு ஆளுக்கு விற்றுவிட்டால் ஷெட் மாற்ற வேண்டியதுதான், விஎம்சி ஃபவுண்டேஷனை உடைத்து எடுக்கும் செலவு உட்பட. அந்த ரிஸ்க் தெரிந்துதான் எடுக்கிறேன்.

என்னைவிடப் பெரியவர்கள், கோடிக்கணக்கில் மெஷின் வாங்குபவர்கள், 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பரஸ்பரக் கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பார்க்கலாம். 100 கோடி வரையிலான கடனுக்கு 60% உத்தரவாதம். ஆனால் ஒப்புதல் பெற்றபோது இருந்த விதிப்படி, திட்டச் செலவில் குறைந்தது 75% மெஷினாகவே இருக்க வேண்டும். இடத்துக்கு அங்கேயும் இரண்டாம் இடம்தான்.

போன வாரம் மெஷின் கம்பெனிக்காரர் தம்பி மனைவிக்குப் போன் செய்து, மாசக் கடைசிக்குள் முழுப் பணம் கட்டினால் ஒன்றரை லட்சம் குறைப்பதாகச் சொன்னார். தம்பி நகையை வைத்துக் கட்டிவிடலாம் என்றான். அவர் வேண்டாம் என்றார். சாங்ஷனுக்கு முன்னால் மெஷினை இறக்கி ஓட்டத் தொடங்கினால் அது புது யூனிட் இல்லை, ஏற்கெனவே ஓடும் யூனிட் ஆகிவிடும். ஒன்றரை லட்சத்துக்காக 14 லட்சம் போகும். கொட்டேஷனின் தேதியை மட்டும் இன்னொரு 60 நாள் நீட்டித் தரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறார்.