சாய்த்தால் அடுத்த வெட்டா, பட்டாலே அடுத்த வெட்டா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறோம், ஆளுக்கு ஒரு பாத்திரமாகி டைஸ் உருட்டிச் சண்டை போடும் கதை விளையாட்டு. ஐந்து பேர், நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த புத்தகம். மினியேச்சர் வாங்கக் காசில்லை என்பதைவிட மனசில்லை என்பதே உண்மை. சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குப் புளியங்கொட்டை, ஓர்க் என்ற முரட்டுப் பூதத்துக்குச் சோழி என்று வண்டி ஓடுகிறது.

என் மச்சினன்தான் ஃபைட்டர். அப்போது லெவல் 3, கையில் கிரேட்ஆக்ஸ். நாலு புளியங்கொட்டை அவனைச் சுற்றி நின்ற ஒரு நாளில் கேட்டான்: "மாமா, நாலு பேரும் ஒட்டித்தான நிக்கிறானுங்க. இம்புட்டுப் பெரிய கோடாலிய வீசுறேன், ஒருத்தன் மேல மட்டும்தான் படுமா?" சற்று முன்புதான் விஸார்டு பர்னிங் ஹேண்ட்ஸ் என்ற தீ மந்திரம் போட்டு, 15 அடிக் கூம்புக்குள் நின்ற மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பொசுக்கியிருந்தான். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் விஸார்டின் மந்திரம் நாளுக்கு இத்தனை தடவை என்று தீர்ந்துவிடும், கோடாலி தீராது. அதனால் அள்ளியும் கொடுக்க முடியாது. கடைசியில் நாலு வழிகளைப் போட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்தோம்.

முதலில் கழித்தது வர்ல்விண்ட், அதாவது சுற்றி நிற்கும் எல்லோர் மீதும் ஆளுக்கு ஒரு வெட்டு. ஐந்தாம் பதிப்பில் ஹன்டர் வகை ரேஞ்சர் என்ற பாத்திரத்துக்கு இது 11-ஆம் லெவலில்தான் கிடைக்கிறது. 3.5 பதிப்பில் ஃபைட்டர் இதை வாங்க டாட்ஜ், மொபிலிட்டி, ஸ்பிரிங் அட்டாக், காம்பாட் எக்ஸ்பர்டீஸ் என்று நாலு ஃபீட்டுகளை (சிறப்புத் திறமைகளை) முன்னால் எடுத்திருக்க வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவனைச் சுற்றி எட்டுக் கட்டங்களும் நிறைந்திருக்கும் நாள் எத்தனை வரும்? என் வரைபடத்தில் வராது. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை மனதில் வைத்துத் தூணாக நட்டு வைப்பது என் பழக்கம் (அங்கே இருப்பது 985 தூண்கள்தான், என் சார்ட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு). தூணுக்கு நடுவே இரண்டு பேர் அருகில் வருவார்கள், மூன்று பேர் அபூர்வம். போதாக்குறைக்கு கோப்ளினுக்கு போனஸ் ஆக்ஷன் என்ற கூடுதல் சின்னச் செயலிலேயே நழுவி ஓடும் வசதி உண்டு. நிறைய டைஸ் உருட்டல் வேறு. விட்டுவிட்டோம்.

அடுத்தது வழியும் டேமேஜ். இது 2014 டிஎம் கையேட்டிலேயே விருப்ப விதியாக இருக்கிறது. அதுவரை அடிபடாத ஒருவனை ஒரே வெட்டில் சாய்த்தால், மிச்ச டேமேஜ் பக்கத்தில் நிற்பவன் மேல் போகும். புது டைஸ் எதுவும் வேண்டாம், முதலில் உருட்டிய எண் அவனுடைய ஏசியையும், அதாவது அடி படத் தேவையான எண்ணையும், எட்டியிருந்தால் போதும். வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் கிளீவ் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி: முதல் ஆள் மேல் பட்டாலே பக்கத்தில் நிற்பவனுக்கு ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (உடல்பலத்துக்கான போனஸ் எண்) அளவுக்கு அடி, அதற்கும் உருட்டல் கிடையாது. அந்தப் பதிப்பில் மினியன் என்ற ஒரே ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) எதிரிகள் இருந்ததால் அது அழகாகப் பொருந்தியது. ஐந்தாம் பதிப்பில் மினியன் இல்லை.

மீதம் இரண்டு. ஒருவனைச் சாய்த்தால் இன்னொரு வெட்டு என்பது 3.5-இன் கிளீவ். பட்டாலே இன்னொரு வெட்டு என்பது 2024-இல் வந்த புது விதிப் புத்தகம் கிரேட்ஆக்ஸுக்கும், ஹால்பர்டு என்ற நீள்கைக் கோடாலிக்கும் கொடுத்த கிளீவ். இதில் முதல் ஆளை ஒட்டி நிற்கும், நம் கைக்கு எட்டும் இரண்டாவது ஆள் மேல் தனியாக உருட்ட வேண்டும். பட்டால் ஆயுத டேமேஜ் மட்டும், ஸ்ட்ரெங்த் போனஸ் சேராது. டர்னுக்கு ஒரு தடவைதான்.

சாய்த்தால் வெட்டு என்பதில்தான் எல்லோருக்கும் ஆசை. கதைக்கும் பொருத்தம், ஒருவன் விழ விழ அடுத்தவன் மேல் கோடாலி பாய்கிறது. கோப்ளின் குகை முழுக்க அதை வைத்தே ஓட்டினோம், அமர்க்களமாக இருந்தது. பிறகு ஓர்க் வந்தது. அதன் பின் மூன்று வாரம் அந்த விதிக்கு வேலையே இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டேன்.

2014 புத்தகத்தில் கோப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் 7, ஏசி 15. மச்சினன் இருபது முக டைஸை உருட்டி 5 கூட்டுகிறான், படுவதற்கு 55 சதவீதம் வாய்ப்பு. டேமேஜ் டி12 (பன்னிரண்டு முக டைஸ்) கூட்டல் 3. டி12-இல் 4 விழுந்தாலே கோப்ளின் காலி, அதாவது நாலில் மூன்று பங்கு. கிரிட்டிக்கலை (20 விழுந்தால் டேமேஜ் டைஸ் இரட்டிப்பாவதை) விட்டுவிட்டுப் பார்த்தால், சாய்த்தால் வெட்டில் டர்னுக்குச் சராசரியாக 2.2 கூடுதல் டேமேஜ். பட்டாலே வெட்டில் 2.0. வழியும் டேமேஜில் 1.7. பெரிய வித்தியாசம் இல்லை.

ஓர்க்குக்கு ஹிட் பாயிண்ட் 15, ஏசி 13. படுவது சுலபம், 65 சதவீதம். ஆனால் அடிபடாத ஓர்க்கை ஒரே வெட்டில் சாய்க்க டி12-இல் 12-ஏ விழ வேண்டும். சாய்த்தால் வெட்டின் கூடுதல் 2.2-இலிருந்து 0.3-க்கு இறங்குகிறது. 12 விழுந்தாலும் 15-க்கு 15 சரியாகப் போய்விடுவதால் வழியும் டேமேஜ் சுத்தமாகப் பூஜ்யம். பட்டாலே வெட்டு மட்டும் 2.7-க்கு ஏறுகிறது.

விதியில் கோளாறு இல்லை, நாங்கள் அதைப் பிடுங்கி நட்ட இடத்தில்தான் கோளாறு. 3.5 புத்தகத்தில் கோப்ளினுக்கும் 5 ஹிட் பாயிண்ட், ஓர்க்குக்கும் 5. ஓகர் என்ற ராட்சதனுக்கு 29, ஐந்தாம் பதிப்பில் அதே ஓகருக்கு 59. ஒரே வெட்டில் ஆள் விழும் உலகத்துக்கு எழுதிய விதியை, இரண்டு மூன்று வெட்டு வாங்கி நிற்கும் உலகத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொண்டோம். இன்னொரு விதமாகச் சொன்னால், சாய்த்தால் வெட்டின் பலம் ஃபைட்டர் கையில் இல்லை, டிஎம் எந்த எதிரியைக் கொண்டுவருகிறான் என்பதில் இருக்கிறது. நான் ஓர்க்கை எடுத்தால் மச்சினனின் வரத்தைப் பிடுங்குகிறேன், கோப்ளினை எடுத்தால் திருப்பிக் கொடுக்கிறேன். அப்படி ஒரு அதிகாரம் எனக்கு வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அடித்து 7-க்கு இறக்கி வைத்த ஓர்க் என்றால் சாய்த்தால் வெட்டு 3.0 கொடுக்கிறது, பட்டாலே வெட்டை முந்திவிடுகிறது. எங்கள் ரோக் (கள்ளன் பாத்திரம்) இதைக் கண்டுபிடித்து, "இவன் குத்துயிரா கிடக்கான், நீயே முடிச்சுக்கோ" என்று விட்டுக்கொடுக்க ஆரம்பித்தான். கூட்டாளித்தனம் என்று நீங்கள் பாராட்டலாம். எனக்கு அதில் பழைய எலிப்பை வாடை அடித்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு தந்திரம் உண்டு: பை நிறைய எலியைக் கொண்டுபோய்ப் பெரிய எதிரியின் காலடியில் அவிழ்த்துவிட்டு, வர்ல்விண்டில் ஒவ்வோர் எலியையும் சாய்த்து, கிரேட் கிளீவ் ஃபீட்டால் எலிக்கு ஒரு கிளீவ் என்று அத்தனையையும் பெரியவன் தலையில் இறக்குவது. 2003-இல் 3.5 அந்த ஓட்டையை அடைத்தது, வர்ல்விண்ட் செய்யும்போது மற்ற ஃபீட் தரும் கூடுதல் வெட்டு எதுவும் கிடையாது என்று. ஆனாலும் பலவீனமானவன் பக்கத்தில் நிற்பது பலசாலிக்கு ஆபத்து என்ற கோணல், சாய்த்தால் வெட்டின் எல்லா வடிவத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் உள்ள ஸ்வைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே உருட்டலை ஒட்டி நிற்கும் இருவரின் ஏசியோடும் ஒப்பிடுவது, டேமேஜும் ஒரே உருட்டல். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடிக்கிறது. இரண்டே தடவை ஆடியிருக்கிறேன், இரண்டு தடவையும் உருட்டல் சொதப்பியது, அதற்கு மேல் பேசினால் அளப்பு.

ஆக, பட்டாலே வெட்டுதான். நஷ்டமும் உண்டு: ஆயுதம் மாறினால் வரம் போய்விடும், கிரேட்ஸ்வோர்டுக்கு 2024 புத்தகம் வேறு வரம் வைத்திருக்கிறது. இப்போது லெவல் 6, அதற்கு மேல் நாங்கள் இன்னும் போகவில்லை. லெவல் 5-இல் இரண்டு வெட்டு வந்த முதல் வாரம், டர்னுக்கு ஒரு தடவை என்பதை மறந்து இரண்டு வெட்டுக்கும் கிளீவ் கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய சண்டை பருத்திப்பால் ஆறுவதற்குள் முடிந்தது. மறுவாரம் மச்சினன் தன் ஷீட்டில் கிரேட்ஆக்ஸ் என்பதை அடித்துவிட்டு "கருப்பசாமி அருவா" என்று எழுதிக்கொண்டு வந்தான். பக்கத்திலேயே சிவப்பு மையில் நான் எழுதினேன்: டர்னுக்கு ஒரு தடவை.