குளோனிங் என்று சொல்லி ரூ. 8,400 வாங்கிவிட்டு, ஃபார்மெட் அடித்துக் கொடுத்த லேப்டாப் கடை

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். குளோனிங் செய்தால் விண்டோஸும் மென்பொருளும் அப்படியே புது டிஸ்க்குக்கு வந்துவிடும், எதையும் திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டாம் என்று சொல்லி என்னிடம் ரூ. 8,400 வாங்கினார்கள். செய்தது வெறும் ஃபார்மெட், அதாவது காலி டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போட்டது. போதாததற்குப் பழைய டிஸ்க்கையும் துடைத்துவிட்டார்கள். கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இப்போதும் கை நடுங்குகிறது.

நான் ஈரோட்டில் சின்ன அளவில் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஜவுளிக் கடைகள், தறி வைத்திருப்பவர்கள், ஒரு மளிகை மொத்த வியாபாரி. டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், யூஎஸ்பியில் சொருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர், எல்லாம் ஒரே லேப்டாப்பில். 2020ல் வாங்கியது, 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஆன் செய்துவிட்டு டீ வைத்துக் குடித்து முடித்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து கிடக்கும். லேப்டாப்பில் குறை இல்லை, டிஸ்க்தான் மெதுவு, எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது உண்மைதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

எனக்கு இருந்த ஒரே பயம் ரீஇன்ஸ்டால். டோக்கனுக்கு டிரைவர், டேலிக்கு லைசென்ஸ், தமிழ் எழுத்துருக்கள், ஒவ்வொரு பார்ட்டிக்கும் சேமித்து வைத்த லாகின். இதையெல்லாம் மறுபடி உட்கார வைக்க ஒரு வாரம் போய்விடும். ஜிஎஸ்டி வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி 3பி ரிட்டர்ன் என்று கழுத்தில் கத்தி தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடைக்குப் போனதும் முதல் கேள்வியே அதுதான்: "ஃபார்மெட் பண்ணாம, இருக்கறதை இருக்கறபடியே மாத்த முடியுங்களா?"

மாடியில் இருக்கும் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. பெயர் போடவில்லை. உள்ளே ஆட்கள் நிறைய, மேஜை முழுக்கத் திறந்து போட்ட லேப்டாப்கள். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசினார். "குளோனிங்தானுங்க மேடம், தினம் பண்றோம். உங்க டெஸ்க்டாப்புல ஒரு ஐகான்கூட இடம் மாறாது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு டிஸ்க்கை யூஎஸ்பி வயரில் மாட்டி வேறு யாருடைய லேப்டாப்புக்கோ அதே வேலை ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பட்டை நகர, 62, 63 என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. "பாருங்க, இது பழைய டிஸ்க், இது புது டிஸ்க். ஜெராக்ஸ் மாதிரி அப்படியே இறங்கும்" என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். வேலை தெரிந்தவர்கள், கண் முன்னால் செய்து காட்டுகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்? எஸ்எஸ்டி 500 ஜிபி ரூ. 4,900, குளோனிங் ரூ. 2,500, சர்வீஸ் சார்ஜ் ரூ. 1,000. மொத்தம் ரூ. 8,400. பேரம்கூடப் பேசவில்லை. ஃபார்மெட் மட்டும் என்றால் 500, 600 ரூபாய்க்குச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குளோனிங்குக்கு என்று தனியாகத்தான் அந்த 2,500ஐக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் ஆன் செய்து காட்டினார்கள், சட்டென்று வந்தது. பண்ணாரி அம்மன் கோயில் படம், நான் வைத்திருந்த அதே வால்பேப்பர். டெஸ்க்டாப்பில் அதே ஃபோல்டர்கள். "சந்தோஷங்களா மேடம்?" என்றார். பில் கேட்டேன். "நாளைக்கு வாட்ஸாப்பில் அனுப்பறேனுங்க" என்று எஸ்டிமேட் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டு, "இதை கிளீன் பண்ணி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்காவே ஆக்கிட்டோம், கேஸுக்குக் காசு வேண்டாம்" என்றார். உபகாரம் போலச் சொன்னார். என் கணக்குகளை அழித்ததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் வந்து டேலியைத் திறந்தேன். எஜுகேஷனல் மோடு என்றது, அதாவது லைசென்ஸ் இல்லை. கம்பெனி ஒன்றுகூட இல்லை. டோக்கனைச் சொருகினால் கண்டுகொள்ளவே இல்லை. பிரிண்டர் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கலாக வந்தது. அப்போதுதான் டெஸ்க்டாப்பை உற்றுப் பார்த்தேன். நான் பார்ட்டிவாரியாக வலது ஓரத்தில் வைத்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் இடது பக்கம் அகர வரிசையில் அடுக்கியிருந்தன. மேலே யூசர் பெயர் என் பெயர் இல்லை, 'அட்மின்'. பாஸ்வேர்டும் கேட்கவில்லை.

என் அண்ணன் பையன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறான். வீடியோ காலில் பார்த்தான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'சிஸ்டம்இன்ஃபோ' என்று அடிக்கச் சொன்னான். விண்டோஸ் முதலில் இன்ஸ்டால் ஆன தேதி என்று ஒரு வரி வரும். அதில் லேப்டாப் கடையில் கிடந்த அதே நாள், சாயங்காலம் 4 மணி 40 நிமிடம் என்று இருந்தது. "அத்தை, இது குளோனே இல்ல. புதுசா விண்டோஸ் போட்டு, உங்க டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ரெண்டை மட்டும் காப்பி பண்ணிருக்காங்க" என்றான். வால்பேப்பரையும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஏமாற்றுவது தெரியக் கூடாது என்றுதானே அது? டேலி டேட்டா இருந்தது சி டிரைவில் பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள். அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாதக் கடைசி வரை பென் டிரைவில் பேக்கப் இருக்கிறது. அதற்கு அப்புறம் போட்ட அத்தனை வவுச்சர்களும் போய்விட்டன.

இன்னும் இருக்கிறது. லேப்டாப்போடு வந்தது ஒரிஜினல் விண்டோஸ் ஹோம். இப்போது இருப்பது புரோ. ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று வருகிறது. எனக்கு ஏது நிறுவனம்? கிராக், அதாவது திருட்டு ஆக்டிவேஷன் போட்டிருக்கிறார்கள். அதற்காக வைரஸ் பாதுகாப்பில் ஒரு ஃபோல்டருக்கு விலக்கும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரிஜினல் விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் அதன் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்குமாம். அதே ஹோமைப் போட்டிருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும் என்றான். கையில் இருந்த யூஎஸ்பியில் புரோ இருந்திருக்கிறது, அதைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேருடைய ஜிஎஸ்டி லாகின் இருக்கும் மெஷினில் இதைச் செய்ய எப்படி மனசு வந்தது?

கடைசியாக கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னான். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது எஸ்எஸ்டி என்றால் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். என்னுடையதில் 9,412 மணி நேரம். ஒரு வருடத்துக்கும் மேல் நிற்காமல் ஓடிய கணக்கு. ரூ. 4,900க்கு யாரோ கழற்றிப் போட்டதை எனக்கு மாட்டியிருக்கிறார்கள். "பாக்ஸ் கடையிலயே இருக்கட்டும், வாரண்டி நாங்க பாத்துக்கறோம்" என்றது ஏன் என்று இப்போது புரிகிறது.

போன் செய்தேன். முதலில், "விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும் மேடம், அப்படித்தான் காட்டும்." பெரிய அப்டேட் வந்தால் அந்தத் தேதி மாறும்தான். ஹோம் புரோ ஆகுமா? என் பெயர் அட்மின் ஆகுமா? பதில் இல்லை. அப்புறம், "ஹார்ட் டிஸ்க் மாறினா டேலி லைசென்ஸ் போகத்தானுங்க செய்யும், அது டேலிக்காரங்க பிரச்சினை." லைசென்ஸை நான் வாங்கிக்கொள்கிறேன், கணக்கு எங்கே என்றேன். "டேட்டாவுக்கு நாங்க கேரண்டி இல்லைன்னு சீட்டுல போட்டிருக்கே." சீட்டைப் பார்த்தேன், தொகையைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த முறை கடைப் பையன் எடுத்தான்: "அக்கா, சார் வெளியூர் போயிருக்காருங்க." நேரில் போனால் அந்த சார் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். "உங்க டிஸ்க்குல பேட் செக்டார் இருந்துச்சு, குளோன் எடுக்கல, அதான் ஃப்ரெஷ்ஷா போட்டோம். ஸ்பீடு நல்லா இருக்குல்ல?" என்றார். டிஸ்க்கில் பழுதான இடம் இருந்து குளோன் எடுக்கவில்லை என்றால் ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டாமா? அந்த 2,500 ரூபாயையாவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா? "வேலை பாத்ததுக்குக் காசு வாங்காம எப்படிங்க மேடம்?" இப்போது வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. ரூ. 8,400 கேட்டால் பதில் கிடையாது. பில்லும் இன்றுவரை வரவில்லை.

உண்மையான குளோனிங் எப்படி இருக்கும் என்று அண்ணன் பையன் சொன்னதை எழுதிவிடுகிறேன். சி டிரைவை மட்டும் காப்பி பண்ணினால் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸ் பூட் ஆவதற்கென்று டிஸ்க்கில் கண்ணில் படாத குட்டிப் பகுதி (பார்ட்டிஷன்) ஒன்று இருக்கும், பல லேப்டாப்களில் 100 எம்பிதான். அதுவும், மீட்பு பார்ட்டிஷனும் சேர்ந்து வர வேண்டும். 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்குப் போகலாம், உள்ளே இருக்கும் டேட்டா அதற்குள் அடங்கினால் போதும். என்னுடையது 200 ஜிபிகூட இல்லை. பல எஸ்எஸ்டி கம்பெனிகள் இதற்கான மென்பொருளை இலவசமாகவே கொடுக்கின்றன. குளோனிங்கில் பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு புது டிஸ்க்கில் மட்டும் ஆன் செய்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அழித்ததை மீட்க வெளியில் கேட்ட தொகை நான் கொடுத்த ரூ. 8,400ஐ விட அதிகம். டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள், நான் வந்து முயன்று பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அங்கேயும் போகப் போகிறேன்.

எழுதுகிறேன் என்று சொன்னது: பழைய டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே கையில் கொடுக்கச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு மாதம் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டி பாக்ஸை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள், வாரண்டி எதுவரை என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். 500 ஜிபி போட்டால் 465 என்று காட்டும், அது சரிதான். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே 'சிஸ்டம்இன்ஃபோ' அடித்துத் தேதியைப் பாருங்கள், நீங்கள் தினம் திறக்கும் மென்பொருளைத் திறந்து பாருங்கள், வால்பேப்பரைப் பார்க்காதீர்கள். 'குளோனிங்' என்ற வார்த்தையோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது, நேரம் இல்லை. 3பி நெருங்குகிறது. பர்ச்சேஸைப் போர்ட்டலில் இருந்து எடுத்துவிடலாம், விற்பனை பில்களையும் ரொக்க வவுச்சர்களையும் ஒவ்வொரு கடையாகப் போய்த் திரும்ப வாங்கி வந்து ஏற்ற வேண்டும்.