கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஆன்க்கி: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காக இறக்கிய செயலி ஆன்க்கி, தேர்வு முடிந்தும் போனில் இருக்கிறது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டைகள் போட்டுப் படிக்கும் செயலி இது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் 24.99 டாலர். ஒவ்வொரு அட்டைக்கும் சுலபமா கஷ்டமா என்று நாம் அழுத்துவதை வைத்து, மறக்கப்போகிற நேரம் பார்த்து அதைத் திரும்பக் காட்டும். வேலை அவ்வளவுதான்.

அட்டையில் என்ன போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யாரோ செய்து வைத்த ரெடிமேட் தொகுப்பு ஒன்றில்தான் ஆரம்பித்தேன். சொல்லுக்கு ஒரு பொருள் என்று மொட்டையாக இருந்தது, ஒலியும் கிடையாது. 'சாங்ஷன்' என்றால் அனுமதிப்பதும் உண்டு, தடை விதிப்பதும் உண்டு, எது என்று வாக்கியம்தான் சொல்லும். ஜிஆர்இ-யிலேயே 2011-ல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டு வாக்கியத்தில் பொருத்தும் கேள்விகளைத்தான் வைத்திருக்கிறார்கள், அப்புறம் எதற்கு வெறும் பட்டியல்? இப்போது முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல், பொருள், ஒலி என்று நானே போட்டுக்கொள்கிறேன். நேரம் தின்னும், ஆனால் போடும்போதே பாதி மனதில் ஏறிவிடுகிறது.

உச்சரிப்பு தனிக்கதை. எழுத்தை நம்பிப் படித்தால் 'எபிடோம்', 'ஹைப்பர்போல்', 'இண்டிக்ட்' என்றுதான் வாயில் வரும். அவை இபிட்டமி, ஹைபர்பலி, இன்டைட். இப்படித் தமிழில் எழுதிவைத்துப் படிப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசைகளில் உயிரொலி மங்கிப் பாதியாகிவிடும், நாமோ எழுதிய எல்லா உயிரையும் முழுசாகச் சொல்வோம். அழுத்தம் இடம் மாறுவதும் நம் காதில் சட்டென்று விழாது. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவது! கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டையும் கேட்கலாம், ஒலிக்குறியீட்டில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். நான் அட்டையில் முதலில் பார்ப்பதே அந்தக் கோட்டைத்தான்.

அகராதி ஒலி தனிச்சொல்லாகத்தான் கேட்கும், பேச்சின் ஓட்டத்தில் எப்படி வரும் என்று தெரிய யூகிளிஷ் என்ற இணையதளத்துக்குப் போவேன். சொல்லைத் தட்டினால் யூடியூப் வீடியோக்களில் அதை யாராவது சொல்லும் இடத்துக்கே நேராகக் கொண்டுபோய் விடும். நாலைந்து பேர் சொல்வதைக் கேட்டாலே, அந்தச் சொல்லை எந்தச் சூழலில், எந்தத் தொனியில் பயன்படுத்துகிறார்கள் என்றும் பிடிபடும். பொருளுக்காகவும் நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஊருக்குப் போய் ஒரு வாரம் தொடாமல் விட்டால் அட்டைகள் மலைபோல் குவிந்து, திறக்கவே மனசு வராது. அதனால் புதிய அட்டைகளைக் கொஞ்சமாகவே சேருங்கள். 2023 கடைசியில் வந்த எஃப்எஸ்ஆர்எஸ், அதாவது எந்த அட்டையை எப்போது திரும்பக் காட்டுவது என்று கணக்கிடும் புதிய முறை, ஆன்க்கியின் அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். அடுத்த மாதமே தேர்வு என்பவர்களுக்கு மட்டும் ஆன்க்கியைப் பரிந்துரைக்க மாட்டேன், அட்டை போடுவதிலேயே அந்த மாதம் போய்விடும்.