யாஷிகா எலக்ட்ரோ 35: ‘பேட்டரி இல்லாமலே ஓடும்’ என்றால் நம்பாதீர்கள்

பழைய கேமரா விற்கும் ஒருவரிடம் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்ற ஃபிலிம் கேமரா வாங்கி ஏழாயிரம் ரூபாய் போயிற்று. “பேட்டரியே வேண்டாம் சார், மேனுவலாக எடுக்கலாம்” என்று சொல்லி, லீவரை இழுத்து ஷட்டரை அடித்துக் காட்டினார். சத்தமும் சுத்தமாகத்தான் இருந்தது.

பச்சைப் பொய். இந்தக் கேமராவின் வழக்கமான ‘ஆட்டோ’ அமைப்பில் ஷட்டர் வேகத்தை, அதாவது அது திறந்திருக்கும் நேரத்தை, நாமாக வைக்க வழியே கிடையாது. அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) நம் கையில். வேகத்தை உள்ளே இருக்கும் மின்சுற்று வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் ஆட்டோவில் எப்போதும் 1/500 நொடியில். உச்சி வெயிலில், 200 ஐஎஸ்ஓ ஃபிலிமில், அப்பர்ச்சரை எஃப் 8 அல்லது 11 வைத்தால் படம் விழுந்துவிடும். அவர் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாமே வெயிலில் எடுத்தவை. வீட்டுக்குள் லென்ஸை எஃப் 1.7 வரை முழுதாகத் திறந்தாலும் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது.

அண்ணன் மகள் காதுகுத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனேன். கோயில் வாசலில் எடுத்தவை தேறின. உள்ளே, தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்த படங்கள் நெகடிவில் வெறும் ஆரஞ்சுப் பட்டை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கேட்டதற்கு “ஃபிலிம் பழசாக இருக்கும்” என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்து ஒயர் அரித்துப் போயிருந்தது. பேட்டரி வேண்டாம் என்று அவர் ஏன் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

இதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை அடாப்டரோடு போட்டால் ஓடும். இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். பேட்டரி அறை மூடியைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். ஆட்டோவில் எஃப் 16 வைத்து, அறையின் இருட்டு மூலையைப் பார்த்து ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்: மஞ்சள் விளக்கு எரிந்து, ஷட்டர் நன்றாகத் தாமதித்து மூட வேண்டும். அங்கேயும் ‘டிக்’ என்று உடனே மூடினால் மின்சுற்று வேலை செய்யவில்லை.

உண்மையிலேயே பேட்டரி இல்லாமல் எடுக்க வேண்டுமா? பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றைத் தேடுங்கள். அவற்றில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். எல்லா வேகமும் மெக்கானிக்கல்.