பிரெம்போ யூவி பூச்சு டிஸ்க்: பந்தயத் தடத்துக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

இத்தாலிய நிறுவனமான பிரெம்போவின் யூவி (புற ஊதா ஒளியால் உலர்த்திய) பூச்சு கொண்ட பிரேக் டிஸ்குகளை, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக என் காரில் பொருத்தினேன். சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்குகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வருவதால், பிரேக் கிளீனரால் அதை முற்றிலும் துடைத்தெடுக்காவிட்டால் புதிய பேடுகள் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) எண்ணெயை உறிஞ்சிக் கெட்டுவிடும். பூச்சே துருவைத் தடுப்பதால், யூவி பூச்சு டிஸ்குகளுக்கு அந்த வேலையே இல்லை என்பது பெரிய வசதி.

ஆனால் ஹப்பின் (டிஸ்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துரு நீக்குவதை எந்தப் பூச்சும் தவிர்த்துவிடாது. அங்கே தங்கும் மெல்லிய துருப் படலம் டிஸ்கைச் சற்றே கோணலாக உட்காரவைக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கடந்தபின் அது பெடலில் அதிர்வாக வெளிப்படும்போது, டிஸ்க் வளைந்துவிட்டதாகப் பலரும் தவறாக முடிவு கட்டுகிறார்கள். டயல் கேஜ் (மிகச் சிறிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து, டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவதே நல்லது.

பிறகு, புதிய பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகுவதற்காக, ஆளற்ற பாதுகாப்பான சாலையில், மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 20 வரை, முழுவதும் நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை உறுதியாகக் குறைத்து, பின்னர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடு தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேடுப் பொருள் டிஸ்கில் சீராகப் படிந்தபின் கிடைத்த ஒரே அளவான பிடிப்புக்காகவே இவற்றைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.