செண்பகம்: விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா?

பூவுக்காக மட்டும் செண்பகம் வைப்பதென்றால் யோசிக்கவே வேண்டாம், ஒட்டுக் கன்றுதான், அதாவது வேருள்ள ஓர் அடிச்செடியின் மேல் பூக்கும் மரத்தின் கிளையை ஒட்டி வளர்த்த கன்று. 2, 3 ஆண்டுகளில் மொட்டு எட்டிப் பார்த்துவிடும். விதையில் வந்த மரமோ பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகள் காக்க வைக்கும். அதுவும் தாய்மரத்தின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியிருந்தும் விதைக்கு ஒரு பெருமை உண்டு. இடம் தாராளமாக இருந்தால் 30 மீட்டருக்கும் மேல் நெடுநெடுவென்று உயரும் முழு மரம் அதில்தான் கிடைக்கும். ஆனால் முளைக்க வைப்பதுதான் பாடு. விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை எண்ணெய்ப் பசையுடன் இருக்கும். அதை மணலோடு தேய்த்துக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும். பத்திரமாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால், சரி, அந்த விதையை மறந்துவிடலாம். செண்பக விதைக்கு உலர்வு ஆகாது.

ஒட்டுக் கன்று அடக்கமாக வளரும், பெரிய தொட்டியிலும் தாங்கும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அப்புறம், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அடிச்செடி ஜெயித்துவிடும், ஒட்டு வாடிவிடும்.

எதை நட்டாலும் தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் சதைப்பற்றானது, சீக்கிரம் அழுகும். இடம் மாற்றி நடுவதும் அதற்குப் பிடிக்காது.