உறவினர் வீட்டுக்குப் போகிற நமக்கு எந்த ஈசிம் பொருந்தும்?

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களில் ஹோட்டலில் தங்குகிறவர்கள் குறைவு. ரொறன்ரோவில் சித்தி வீடு, பாரிஸில் மாமா வீடு, சென்னையில் ஒன்றுவிட்ட அண்ணா வீடு என்று எங்கே போனாலும் ஒரு வீடு இருக்கும். போய் இறங்கியதும் தேத்தண்ணியோடு வைபை பாஸ்வேர்டும் வந்துவிடும். ஆனால் பயண ஈசிம் (கையால் போடும் சிம் காட் இல்லாமல், க்யூஆரை ஸ்கான் செய்து போனுக்குள் ஏற்றுகிற சிம்) பற்றி எழுதுகிற பலரும் ஊர் சுற்றுகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். எத்தனை ஜிபி, ஒரு ஜிபி என்ன விலை என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. சில வருடங்களாகப் பயணங்களில் ஈசிம்தான் பாவிக்கிறேன். நமக்கு ஜிபியை விட நாள்தான் பெரிது என்பதே என் அனுபவம். அதோடு, நம்முடைய இலங்கை நம்பர் பயணம் முழுக்க வேலை செய்ய வேண்டும்.

முதலில் போன். இங்கே நம் கையில் இருக்கும் நல்ல போன்களில் பாதி வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தவை. அதனால் கடையில் வாங்குகிறவருக்கு இல்லாத சில கேள்விகள் நமக்கு உண்டு. *#06# என்று அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ நம்பரோடு ஈஐடி என்று 32 இலக்கங்களும் வந்தால் போனில் ஈசிம் வசதி இருக்கிறது. ஐபோன் என்றால் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இருக்கிறது. ஆனால் சீனாவில் விற்பதற்காகச் செய்த ஐபோன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போட இடம் இருக்குமே தவிர ஈசிம் இருக்காது. அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14உம் அதற்குப் பிந்தியவையும் நேர்மாறு: அவற்றில் சிம் போடும் இடமே கிடையாது. அப்படியான போன் வைத்திருப்பவர் தன் டயலொக் அல்லது மொபிடெல் நம்பரையும் இங்கேயே ஈசிம்மாக மாற்றிக்கொண்டுதான் பயணம் போக வேண்டும். இரண்டு ஈசிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது லொக். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் போனை ஒரு நிறுவனத்துக்கென லொக் செய்து விற்க முடியாது. ஆகவே அங்கிருந்து வரும் புதிய போன்களில் பிரச்சினை குறைவு. அமெரிக்காவில் தவணைக்கு வாங்கிய போன், காசு கட்டி முடியும்வரை லொக்காகவே இருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லொக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரிஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் சரி. இல்லையென்றால் எந்த ஈசிம்முக்கும் காசு கட்டாதீர்கள்.

இனி இலங்கை நம்பர். பயணத்தில் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிறேன். வங்கி அனுப்பும் ஓடிபி வராவிட்டால் கையில் காட் இருந்தும் பயனில்லை. ஈசிம்மின் உண்மையான நன்மையும் இதுதான்: ஊர் சிம்மைக் கழற்றத் தேவையில்லை. வெளிக்கிடுவதற்கு முன்பே ஊர் சிம்முக்கு ரோமிங்கைப் போட்டுவிட்டு, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். டேட்டாவுக்கு ஈசிம்மைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் 'அலவ் செலியூலர் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கிறது. அதையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஈசிம் சிக்னல் குறையும்போது போன் தானாகவே ஊர் சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, அழைப்பை எடுத்தால் உண்டு. வட்ஸ்அப் பழைய நம்பரிலேயே இருக்கும், அதில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அம்மா எப்போதும் எடுக்கிற மாதிரியே எடுப்பார்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். எயாராலோ, ஹொலாபிளை மாதிரி நிறையப் பேர் விற்கிறார்கள். அவர்களில் அநேகருக்குச் சொந்தக் கோபுரம் இல்லை. வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்மை ரோமிங்காக நமக்குத் தருகிறார்கள். இது தெரிந்தால் பல விசயங்கள் விளங்கும். சிங்கப்பூரில் நின்றுகொண்டு கூகிளில் தேடினால் ஹொங்கொங்கில் இருப்பதாகக் காட்டுவது, வட்ஸ்அப் அழைப்பில் குரல் கொஞ்சம் பிந்தி வருவது, வங்கிச் செயலி சந்தேகப்பட்டுத் திரும்பவும் ஓடிபி கேட்பது எல்லாம் டேட்டா வேறு நாடு சுற்றி வருவதால்தான். இதனால் ஒரு நன்மையும் உண்டு. உள்ளூர் சிம்மில் வட்ஸ்அப் அழைப்பு போகாத துபாயில், இப்படியான ஈசிம்மில் பெரும்பாலும் போகும்.

ஐரோப்பா போகிறவர்கள் நாட்டுப் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். நமது சனம் பிரான்சுக்கு என்று போனால் அப்படியே சுவிசுக்கும் லண்டனுக்கும் போய்த்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனிலிருந்து ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. நோர்வேயும் அந்த ஏற்பாட்டுக்குள் வருகிறது. சுவிஸ் வராது. பிரித்தானியாவும் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு வராது. இதனால் 'ஐரோப்பா' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மலிவான பக்கேஜ்கள் சிலவற்றில் சுவிஸ் இருக்காது. பாரிஸிலிருந்து சூரிச் போகும் ரயில் சுவிஸ் எல்லையில் உள்ள பாசலுக்குள் நுழைந்ததும் டேட்டா நின்றுவிடும். ஸ்டேசனுக்குக் கூட்டிப்போக வருகிறவருக்கு எந்த மேடை என்று சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பிரான்ஸ், சுவிஸ், பிரித்தானியா என்று மூன்று நாடும் பெயர் சொல்லிப் போட்டிருக்கிற பக்கேஜை வாங்குங்கள்.

'அன்லிமிடெட்' என்று விற்பதை நான் இப்போது வாங்குவதில்லை. ஒருமுறை வாங்கியதில் நாளுக்கு ஒரு அளவைத் தாண்டியதும் வேகம் அடியோடு விழுந்தது. பின்னேரத்தில் வரைபடம் திறக்கவே நேரம் எடுத்தது. அந்த அளவு எவ்வளவு என்பது விதிமுறைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. விற்கும்போது அதை முன்னால் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. சிலதில் ஹொட்ஸ்பொட்டும் போட முடியாது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். வீட்டுக்கு வெளியே வரைபடம், வட்ஸ்அப், பஸ் நேரம் என்று எனக்கு வாரத்துக்கு ஒரு ஜிபியே மிஞ்சும். படங்கள் தானாக மேலேறுவதையும் செயலி அப்டேட்டையும் வைபையில் மட்டும் என்று வைத்துவிட்டால் போதும்.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பலாலியிலிருந்து சென்னைக்கும் இப்போது திருச்சிக்கும் விமானம் இருப்பதால் சின்னப் பயணங்கள் கூடிவிட்டன. 2024 ஜனவரியில் இந்திய அரசின் உத்தரவால் எயாராலோவும் ஹொலாபிளையும் அங்குள்ள ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே ஈசிம்மை இங்கேயே வாங்கிப் போட்டுக்கொண்டு போங்கள். டேட்டா மட்டும் தருகிற ஈசிம்மில் இந்திய நம்பர் கிடைக்காது. அங்கே பல இடங்களில் உள்ளூர் நம்பருக்குத்தான் ஓடிபி போகும், அதற்கு அண்ணாவின் போனைத்தான் கேட்க வேண்டும்.

கனடாவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அம்மா அப்பாவின் கதை வேறு. அங்கே பார்வையாளராகப் போனால் பொதுவாக ஆறு மாதம் வரை நிற்கலாம். பயண ஈசிம்கள் பெரும்பாலும் ஏழு நாள், பதினைந்து நாள், முப்பது நாள் என்றே வருகின்றன. மாதம் மாதம் புதுப்பித்தால் காசு வீண். என் அம்மாவுக்குச் செய்தது இது: சின்ன அளவில் முப்பது நாள் ஈசிம் ஒன்று, எயார்போட்டில் இறங்கி வெளியே வரும்வரை கதைப்பதற்கும் முதல் கிழமைகளுக்கும். பிறகு தங்கை தங்கள் குடும்பப் பக்கேஜில் ஒரு உள்ளூர் நம்பர் சேர்த்துக் கொடுத்தாள். டொக்டரிடம் பதியவும் பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவும் அந்த நம்பர் வேண்டும், பயண ஈசிம்மால் அது முடியாது.

ஈசிம்மைப் போனில் போடுவதற்கு வைபை வேண்டும். கட்டுநாயக்கவுக்கு இரவு வாகனம் வருமுன், வீட்டில் ஆறுதலாக இருந்து க்யூஆரை ஸ்கான் செய்துவிடுங்கள். செல்லுபடி நாள் போட்ட நேரத்திலிருந்து தொடங்குமா, அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்த பிறகா என்பதை வாங்குமுன் வாசியுங்கள். முதல் வகை என்றால் வெளிக்கிடும் நாளில் மட்டும் போடுங்கள். இறங்கியதும் ஈசிம்முக்கு டேட்டா ரோமிங்கைப் போட வேண்டும், பலர் அதை ஊர் சிம்மோடு சேர்த்து நிறுத்திவிட்டு டேட்டா இல்லை என்று தேடுவார்கள். பயணம் முடியுமுன் ஈசிம்மை அழிக்க வேண்டாம். பெரும்பாலான க்யூஆர்கள் ஒருமுறைதான் வேலை செய்யும், அழித்தால் திரும்ப ஸ்கான் பண்ண முடியாது. சில நிறுவனங்களில் அடுத்த பயணத்துக்கும் அதே ஈசிம்மில் ரீலோட் பண்ணலாம், அப்படியானதை நான் போனிலேயே வைத்திருக்கிறேன்.